தீவனக் கடைக் கூரையில் டெல்மஸ் டீட்டர்

ஹார்ன்லிக் ஊரில் டெல்மஸ் டீட்டருக்குச் சொந்தமில்லாத ஒரு ஆளைக் காட்டு என்றால் கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் வேண்டும். அவன் அம்மா பிராப்ஸ்ட் வீட்டுப் பெண். அவளோடு பிறந்தவர்களை எண்ணி முடிக்கும் முன்னே காபி ஆறிவிடும். அப்பா வழி டீட்டர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பூராவும் இருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் அந்நியமாக இருந்தது. அங்கே ஹாஸ்கல் லாண்டிஸின் தங்கை வெல்டாவைக் கட்டினான்; அதோடு அந்தப் பக்கமும் சொந்தமாகிப்போனது.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஷெரீப் ஆபீஸில் டெபுடியாக உட்கார வைத்தார்கள். தலை நரைக்கும் வரை அந்த வேலையில் இருந்தவன், கைது பண்ணின ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் பக்கத்து மாநிலம். உள்ளூரில் யாரையாவது பிடிக்கப் போனால் முதலில் தட்டைப் போட்டு அவரைக்காயும் மக்காச்சோள ரொட்டியும் வைத்துவிடுவார்கள். தின்ற கையோடு விலங்கை எப்படி எடுப்பது? "நாளைக்குக் காலைல நீயே ஆபீஸுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு வருவான். அவர்களும் வந்துவிடுவார்கள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

குறை என்று அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அது அவன் வீட்டுச் சுவரில், கணப்புக்கு மேலே, பெரிய ஆணியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கலைமானின் தலையை மாட்ட வேண்டும் என்று அடித்த ஆணி. மான் இன்னும் காட்டில் இருந்தது. ஆணியில் வெல்டா தன் மழைக்கோட்டை மாட்டி வைத்திருந்தாள்.

அந்த மானுக்குப் பெயர் கமிஷனர். பெயர் வைத்தவன் டெல்மஸ்தான், முடிவெட்டும் கடையில், பத்துப் பேர் நடுவே. எங்கள் ஆற்றுப் பாலம் ஒரு வண்டி போகிற பாலம். பலகையெல்லாம் ஆட்டம் கண்டு, மேலே வண்டி ஏறினால் குளிரில் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கும். வந்து பார்க்கிறேன், வந்து பார்க்கிறேன் என்று தலைநகரிலிருந்து ரோடு கமிஷனர் வருஷா வருஷம் சொல்லுவார், வர மாட்டார். இந்தக் கலைமானும் அதே கதைதான். சேற்றில் குளம்புத் தடம் இருக்கும், மரத்தில் கொம்பு தேய்த்த அடையாளம் இருக்கும், மானை மட்டும் காணோம். "இது மானில்லடா, ரோடு கமிஷனர்" என்றான் டெல்மஸ். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவன்கூடச் சிரித்தான். அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அது கமிஷனர்தான்; எல்லோருக்கும் அதன் மேல் கண்ணுதான். ஹாஸ்கலுக்குக் கொஞ்சம் கூடுதல் கண்ணு.

ஏழாவது வருஷம் இலை உதிர்கிற காலத்தில் டெல்மஸ் ஒரு காரியம் கண்டுபிடித்தான். மான் வேட்டை தொடங்குகிற திங்கட்கிழமை ஊர் மொத்தமும் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அது தெரிந்த கமிஷனர் நேர் எதிராக ஊருக்குள் இறங்கிவிடுகிறார். வெயில் ஏறும் நேரத்துக்கு சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, ஆப்பிள் மரத்தடியில் விழுந்ததைத் தின்றுவிட்டு, ஓடையைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொள்கிறார். சர்ச்சுக்குப் பக்கத்தில் சுடக் கூடாது, சட்டம். அதனால் ஒருத்தனும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டு பீச் மரம் உண்டு. அந்தச் சட்டம் அது வரைக்கும் எட்டாது. அங்கே போய் உட்கார்ந்தால் போதும், கமிஷனர் தானாகத் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பார். இதை டெல்மஸ் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. வெல்டாவிடம்கூடச் சொல்லவில்லை. வெல்டாவிடம் சொன்னால் அண்ணன் ஹாஸ்கலிடம் சொன்ன மாதிரி.

அந்த வருஷம் பார்த்து நிஜ ரோடு கமிஷனர் வருகிறேன் என்றார். பாலத்தைச் செப்பனிட இல்லை, ஒரேயடியாக மூட. மூடினால் வெல்டா அண்ணன் வீட்டுக்குப் போக மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் போக வேண்டும். கூட்டம் கோர்ட்டு வாசலில், காலை பத்து மணிக்கு, வேட்டைத் திங்கட்கிழமை அன்று. தெரியாமல் வைத்தாரோ, அன்றைக்கு ஒருத்தனும் வர மாட்டான் என்று தெரிந்தே வைத்தாரோ. பள்ளிக்கூடமே லீவு விடுகிற நாளில் ஒரு மனுஷன் கூட்டம் போட்டால் வேறென்ன நினைப்பது?

ஹாஸ்கல் ஊரைக் கூட்டிச் சொன்னான்: "விடியக்காலைல காட்டுக்குப் போறோம். பத்து மணிக்கு அப்படியே நேரா கோர்ட்டு வாசலுக்கு வர்றோம். உடை மாத்த வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அப்படியே என்றால் துப்பாக்கியோடு. எங்கள் பக்கம் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரலாம், கேட்பாரில்லை, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தச் சேதி மலை இறங்கித் தலைநகர் போய்ச் சேரும்போது, கமிஷனருக்கு எதிராக ஆயுதப் படை திரளுகிறது என்று ஆகிவிட்டது. மாநிலப் போலீஸில் லெப்டினன்டாக இருந்த ஸ்டெட்மன் என்ற அம்மாள் ஒரு மூடுவண்டியும் நாலு ஆளுமாக வந்து இறங்கினாள்.

"துப்பாக்கி வச்சிருக்கிறது குத்தமில்ல. கூடி நின்னு கத்துறதும் குத்தமில்ல," என்றாள் டெல்மஸிடம். "அதனால நாம யாரையும் தொடப் போறதில்ல. பார்க்க மட்டும் போறோம். யார் யாரு, கையில என்ன, யாரோட நிக்கிறாங்க. நீங்க உள்ளூர்க்காரர். கூரை மேல இருந்து படம் எடுத்து ரேடியோவுல பேர் சொல்லுங்க."

"குத்தமே இல்லாததை எதுக்கு மேடம் பாக்கணும்?"

"குத்தம் ஆகுறதுக்கு முன்னாடி பார்க்கத்தான்."

"அப்படின்னா கல்யாண வீட்டையும் பாக்கணும்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. டெல்மஸ் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திங்கட்கிழமை எனக்கு லீவு மேடம். விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்தத் திங்கட்கிழமை எனக்கு லீவுதான்."

"ரத்து," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் வெல்டா ஃபிளாஸ்க்கில் காபியும், இறைச்சி வைத்துச் சுட்ட பன் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். "எங்கண்ணனை நல்லாப் படம் எடு. வலப்பக்கம் எடுக்காத, பல்லு போன பக்கம்."

தீவனக் கடைக் கூரையில் குளிர் எலும்பைத் துளைத்தது. முன்பக்கம் பார்த்தால் கோர்ட்டு வாசல். பின்பக்கம் பார்த்தால் சர்ச்சு, கல்லறைத் தோட்டம், ஓடை, ஓடைக்கு அப்பால் அந்த பீச் மரம். அரசாங்கம் கொடுத்த தூரக்கண்ணாடி நல்ல கண்ணாடி. பீச் மரத்தடியில், அவன் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு அணில் உட்கார்ந்திருந்தது. டெல்மஸுக்கு வயிறு எரிந்தது.

பத்து மணிக்கு முன்பே ஊர் இறங்கிவிட்டது.

"கூரை, என்ன தெரியுது?" ஸ்டெட்மன் மூடுவண்டியிலிருந்து கேட்டாள்.

"கூட்டம் வந்துடுச்சு மேடம். எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை."

"சீருடையா? யார் கொடுத்தது?"

"சட்டம் மேடம். வேட்டைக்குப் போறப்ப ஆரஞ்சு போடலன்னா அரசாங்கம் அபராதம் போடும்."

ஸ்டெட்மன் அடுத்த ஆளுக்குப் போனாள். "கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல. தாடி, நீளத் துப்பாக்கி. யாரு?"

"எங்க பெரியம்மா மகன் ஆர்லி."

கீழே ஆர்லி கூரையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

"அவர் ஏன் தொப்பியைத் தூக்குறார்?"

"மரியாதைக்காரன் மேடம்."

"அவருக்கு இந்தப் பக்கம், குட்டையா ஒருத்தர்."

"அவன் எங்க சித்தப்பாவுக்கு ரெண்டாந்தாரத்துல பொறந்தவன்."

அப்போது நடுவில் இன்னொரு குரல் நுழைந்தது. ஷெரீப் ஆபீஸ் ரேடியோவில் உட்காருகிற நோவலீன், டெல்மஸுக்கு அத்தை மகள். "டெல்மஸ், வெல்டா போன்ல இருக்கா. அது ரெண்டாந்தாரம் இல்லையாம், மூணாந்தாரமாம். ரெண்டாவதுக்குப் பிள்ளையே கிடையாதாம்."

"ஆமாமா, மறந்துட்டேன். மூணாந்தாரம் மேடம், திருத்திக்குங்க."

"யாரு வெல்டா?" ஸ்டெட்மனின் குரல் கூர்மையாயிற்று. "இது போலீஸ் அலைவரிசை."

"என் வீட்டுக்காரி மேடம். அடுப்படியில கேட்டுக்கிட்டிருப்பா. எல்லார் வீட்டுலயும் ரேடியோ கேக்குற பெட்டி இருக்கு. கைப்பெட்டி வச்சிருக்கிறவங்க கீழேயே நிக்கிறாங்க."

உண்மைதான். எங்கள் பக்கம் ரொட்டி டப்பாவுக்கு மேலே அந்தப் பெட்டி இல்லாத அடுப்படி கிடையாது. யார் வீட்டுப் பசு ரோட்டில் நிற்கிறது, யார் வண்டி பள்ளத்தில் இறங்கியது, எல்லாம் அதில்தான் தெரியும்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நாம அவங்களைப் பாக்குறதைப் பத்தித்தான் மேடம் பேசினோம். அவங்க நம்மளைக் கேக்குறதைப் பத்தி நீங்க கேக்கலையே."

கைபேசியில் பேசலாம் என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி செங்கல்லுக்குச் சமம். வேறு வழியில்லாமல் ரேடியோவிலேயே போனது. அதற்குள் கீழே வேறு வினை ஆரம்பித்துவிட்டது. பேர் சொல்லப்பட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். சொல்லப்படாதவர்களுக்குக் கோபம். டெல்மஸின் தாய்மாமன் மகள் ஒருத்தி, இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கூரைக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"ஏண்டா, ஆர்லி பேரைச் சொல்வ, என் பேரைச் சொல்ல மாட்டியா? உங்கம்மா செத்தப்ப மூணு நாள் சமைச்சுப் போட்டது யாரு?"

"வரிசையா வர்றேன் அக்கா. கொடிக்கம்பத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன்."

உடனே பாதிக் கூட்டம் கொடிக்கம்பத்துக்கு நகர்ந்தது.

டெல்மஸ் பேர் சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைப் பின்பக்கம் ஓட்டினான். ஆப்பிள் மரத்தடியில் ஏதோ அசைந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வந்துவிட்டார். தலைக்கு மேலே ஒரு நாற்காலியைக் கவிழ்த்த மாதிரி கொம்பு. ஆறு வருஷத்தில் இவ்வளவு முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தான். ஒரு ஆப்பிளை வாயில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், அக்கறையே இல்லாமல் நின்றார்.

"கூரை, கவனிங்க," என்றாள் ஸ்டெட்மன். குரல் மாறியிருந்தது. "லாரிக்காரங்க வச்சிருக்கிற ரேடியோவுல ஒருத்தர் பேசினதைப் பிடிச்சிருக்கோம். யார் குரல்னு சொல்லுங்க."

பதிவு செய்ததை அப்படியே ரேடியோவில் ஓடவிட்டாள். "கமிஷனரை இன்னைக்கு விடப் போறதில்ல. ஆறு வருஷம் நம்மளை ஏமாத்திட்டான். இன்னைக்கு ஊருக்குள்ளதான் எங்கயோ வருவான்னு எனக்குத் தோணுது. கண்ணுல பட்டா முதல் குண்டு என்னுது. தலையை வெட்டி என் வீட்டுச் சுவத்துல மாட்டுறேன் பாரு."

டெல்மஸ் வாயே திறக்கவில்லை.

நோவலீன் திறந்தாள். "டெல்மஸ், அது உங்க மச்சான் ஹாஸ்கல் குரல்தான்னு வரிசையா போன் வருது. வெல்டாவும் ஆமாங்கிறா."

"ஹாஸ்கல் எங்க நிக்கிறார்?" என்றாள் ஸ்டெட்மன். "சரி, தெரியுது. ரெண்டு பேர் போறாங்க."

கோர்ட்டு ஓரத்திலிருந்து இரண்டு இளம் போலீஸ்காரர்கள் கூட்டத்துக்குள் நடந்தார்கள். கை இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"மேடம், அவங்களை நிக்கச் சொல்லுங்க. கமிஷனர்னா மான்."

"என்ன?"

"மான் மேடம். கொம்பு வச்ச கலைமான். அதுக்குக் கமிஷனர்னு பேரு. பேர் வச்சது நான்தான்."

"கமிஷனர் வர்ற அன்னைக்கு, கமிஷனர்னு ஒரு மானு. சொல்றது மச்சான்காரர். இதை நான் தலைநகர்ல சொன்னா என்னை என்ன சொல்வாங்க? அந்த மான் எங்க, காட்டுங்க."

டெல்மஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். காட்டுவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. அதைச் சொன்னால் அந்த அம்மாளுக்கு மட்டுமா சொல்கிறோம்? பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை ரொட்டி டப்பாவுக்கும் சொல்கிறோம். ஆறு வருஷம், அந்த பீச் மரம், சுவரில் அந்த ஆணி. சும்மா இருந்துவிட்டால் ஹாஸ்கல் ஒரு ராத்திரி லாக்கப்பில் இருப்பான், அவ்வளவுதான், நாளைக்குப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அவனுக்கு மச்சானைத் தெரியும். தோளில் கை வைத்தால் உதறுவான். உதறினால் அந்தப் பிள்ளைகளின் கை இடுப்புக்குப் போகும். அது போனால் சுற்றி நிற்கிற ஆர்லியும் மற்றவர்களும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். குற்றமே இல்லாமல் நின்ற கூட்டம், கண் மூடித் திறப்பதற்குள் வேறு கூட்டமாகிவிடும்.

இரண்டு பேரும் ஹாஸ்கலுக்குப் பத்தடியில் இருந்தார்கள். டெல்மஸ் பொத்தானை அழுத்தினான்.

"சர்ச்சுக்குப் பின்னாடி மேடம். கல்லறைத் தோட்டம், கடைசி ஆப்பிள் மரம். கமிஷனர் இப்ப அங்கதான் நிக்கிறார். தின்னுக்கிட்டிருக்கார்."

அவன் குரல் கீழே இடுப்பு இடுப்பாகப் பெட்டிகளில் திரும்பக் கேட்டது. ஹாஸ்கல் அந்தப் போலீஸ்காரர்களைப் பார்க்கவே இல்லை. மெதுவாக சர்ச்சுப் பக்கம் கழுத்தைத் திருப்பினான். அவனோடு சேர்ந்து அத்தனை ஆரஞ்சுத் தொப்பியும் திரும்பியது.

ஒருத்தரும் ஓடவில்லை. வேட்டைக்காரன் ஓட மாட்டான். நுனிக்காலில், மூச்சை அடக்கி, குனிந்து, கோஷம் எழுதிக் கொண்டுவந்த அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு ஊரே பூனை மாதிரி நடந்து போனது. "எங்கள் பாலம் எங்களுக்கு வேண்டும்" என்று எழுதின பெரிய துணியை இரண்டு பேர் சத்தம் வராமல் சுருட்டிக்கொண்டே போனார்கள். கைது பண்ண வந்த இரண்டு பேரும் காலி வாசலில் நின்றார்கள். அதில் ஒருத்தன் மலைப்பக்கத்துப் பையன் போல. கொஞ்சம் தயங்கிவிட்டு அவனும் நுனிக்காலில் பின்னாலேயே போய்விட்டான்.

சர்ச்சுக்குப் பக்கத்தில் சுட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருத்தனும் மற்றவனுக்கு முன்னால் ஓடைக்கு அப்பால் போய்விட வேண்டும் என்று இரண்டு பக்கமும் வளைத்தார்கள். மானுக்கு ஆரஞ்சு நிறம் தெரியாது. ஆனால் ஊர் வாடை தெரியுமே. கமிஷனர் மூக்கைத் தூக்கினார், ஆப்பிளைக் கீழே போட்டார், மனுஷர் இல்லாத ஒரே திசையைப் பார்த்துச் சுவரைத் தாண்டினார். அந்தத் திசை எங்கள் கடைத்தெரு.

நடுத்தெருவில், தனியாக, குளம்பு டக் டக் என்று கேட்க, தீவனக் கடையைப் பார்த்து நடந்து வந்தார். கூரைக்கு நேர் கீழே வந்ததும் நின்றார். தலையைத் தூக்கி டெல்மஸைப் பார்த்தார். ஊருக்குள் சுடக் கூடாது, டெல்மஸ் போலீஸ்காரன், வேலை நேரம். கையில் இருந்தது அரசாங்கத்துக் காமிரா. அதைத் தூக்கிப் படம் எடுத்தான், ஒன்று, இன்னொன்று. வலப்பக்கமும் எடுத்தான், இடப்பக்கமும் எடுத்தான்.

கமிஷனர் மறுபடி நடந்து பாலத்துப் பக்கம் போனார்.

"கூரை, நிலவரம் என்ன?" ஸ்டெட்மனுக்கு மூச்சு வாங்கியது. "வண்டியில இருந்து பார்த்தா ஒருத்தரும் இல்ல."

"ஆயுதம் வச்சிருந்தவங்க எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க மேடம். அமைதியா."

"கமிஷனர் கிட்டத்துல வந்துட்டார்னு தகவல். கமிஷனர் எங்க?"

டெல்மஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "ரெண்டு பேரும் பாலத்துல இருக்காங்க மேடம்."

கறுப்புக் கார் பாதிப் பாலத்தில் நின்றது. எதிரே கொம்பை நிமிர்த்திக்கொண்டு இவர். ஓட்டுநர் ஹார்ன் அடித்தான். அந்த அதிர்வுக்கே பலகை பல் அடித்தது. பிறகு மான் நின்ற இடத்திலிருந்து எழும்பி, காரின் மூக்கைத் தாண்டி, அந்தக் கரையில் இறங்கிப் போயே போய்விட்டது. அது எழும்பின உதைப்பில் பாலம் ஆடின ஆட்டத்தைக் கண்டு ரோடு கமிஷனர் காரை விட்டு இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மிச்சத் தூரத்தை நடந்தே வந்தார், பலகை இடுக்கு வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

காலியான கோர்ட்டு வாசலில் அவருக்கு யாரோ காபி கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஊர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"ஏதோ எதிர்ப்பு இருக்குன்னு சொன்னாங்களே," என்றார் அவர்.

"இருந்துச்சுங்க," என்றான் ஹாஸ்கல், மூச்சிரைக்க. "கொஞ்சம் பொறுத்துக்குங்க, மறுபடி ஆரம்பிக்கிறோம்."

பாலத்தை அவர் மூடவில்லை. செப்பனிடவும் இல்லை. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெல்மஸ் எடுத்த படங்களைத் தலைநகரில் எடுத்துப் பார்த்தபோது மனுஷர் படமெல்லாம் பல் தெரியச் சிரித்து நின்ற குடும்பப் படமாக இருந்ததாம். பிற்பாடு ஸ்டெட்மன் அம்மாள் ஒரு படத்தை மட்டும் பெரிசாகப் போட்டுத் தபாலில் அனுப்பினாள். பின்னால் ஒரு வரி எழுதியிருந்தாள்: இவர் உங்களுக்கு என்ன உறவு?

வெல்டா மழைக்கோட்டை எடுத்துவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினாள். நன்றி நாள் பண்டிகை விருந்துக்கு ஹாஸ்கல் வேறு ஒரு மானின் தொடைக்கறியோடு வந்தான். பீச் மரத்து ரகசியத்தை டெல்மஸ் அதற்குள் அவனிடம் சொல்லியிருந்தான். வந்தவன் கணப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றான்.

"அந்த பீச் மரத்தடியில நீ உக்காந்திருந்தா இந்நேரம் தலையே இங்க இருந்திருக்கும் மச்சான்."

"நான் அங்க உக்காந்திருந்தா நீ இந்நேரம் லாக்கப்புல உக்காந்திருப்ப."

ஹாஸ்கல் தலையாட்டினான். நன்றி என்று வாயால் சொல்லுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. தொடைக்கறியை மேஜையில் டெல்மஸ் பக்கமாகத் தள்ளி வைத்தான். பிறகு குரலைத் தணித்தான். "அந்தக் கரைக்குப் போனவன் இப்ப எங்க படுக்கிறான்னு ஏதாச்சும் தெரியுமா?"

டெல்மஸ் எழுந்து அடுப்படிக்குப் போனான். ரொட்டி டப்பாவுக்கு மேலே கரகரத்துக்கொண்டிருந்த பெட்டியை அணைத்தான். அணைத்துவிட்டு வெல்டாவைப் பார்த்தான், ஹாஸ்கலைப் பார்த்தான்.

"தெரியாது," என்றான்.